யாருடைய மெட்டு?

1854ஆம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்த பிரைட்கோப்ஃப் உண்ட் ஹெர்ட்டல் பதிப்பகம் பியானோவுக்கான இரண்டு படைப்புகளை வெளியிட்டது. இரண்டும் ராபர்ட் ஷூமானின் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட வேரியேஷன்கள். எடுத்துக்கொண்ட மெட்டும் ஒன்றேதான். ஒன்றை எழுதியவர் 35 வயது கிளாரா ஷூமான். அது அவருடைய ஓபஸ் 20. மற்றதை எழுதியவர் 21 வயது ஜோஹன்னஸ் பிராம்ஸ். அது அவருடைய ஓபஸ் 9. மெட்டுக்குச் சொந்தக்காரரான ராபர்ட் அப்போது பான் நகரை அடுத்த எண்டெனிக்கில் மனநோயாளிகளுக்கான விடுதியில் இருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் ரைன் ஆற்றில் குதித்து, காப்பாற்றப்பட்டிருந்தார்.

பிராம்ஸின் படைப்பை இளம் மேதை ஒருவர் எடுத்துவைத்த பெரிய அடியாகப் பேசுகிறார்கள். கிளாராவின் படைப்போ, மனைவி கணவனுக்குக் கொடுத்த பிறந்தநாள் பரிசு என்ற ஒற்றை வரிக்குள் நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. ஒரே ஊரில், ஒரே மெட்டில், ஓராண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு படைப்புகளுக்கு எப்படி இரண்டு விதமான வாழ்க்கை வாய்த்தது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். நான் இசை அறிஞர் அல்ல. தமிழ் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள். ஆனால் இன்னொருவர் சொல்லிவைத்ததிலிருந்து தொடங்கி எழுதுவது என்ற வேலை எனக்குத் தெரியும்.

பெண்ணெழுத்து பற்றிய பாடத்தின்போது கிளாராவின் கதையை வகுப்பில் சொல்வதுண்டு. ஒரு முறை முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள்: “புருஷனோட மெட்டை எடுத்து எழுதினதுல என்ன இருக்கு மேம்? சொந்தமா ஒண்ணு போட்டிருக்கலாமே?”

கேள்வியில் நியாயம் உண்டு. பெண்ணின் தனிக்குரல், தன்மொழி என்று பேசிப் பேசித்தான் நாங்கள் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அப்படிப் பழகிய காதுக்கு, கணவனின் மெட்டில் எழுதியவள் அடங்கிப்போனவளாகத்தான் தெரிவாள். ஆனால் இந்தக் கேள்வியைப் பீத்தோவனிடம் யாரும் கேட்டதில்லை. டயபெல்லி என்ற பதிப்பாளர் எழுதிய சாதாரண வால்ட்ஸ் மெட்டு ஒன்றை எடுத்து, பீத்தோவன் 33 வேரியேஷன்கள் எழுதினார். 1823இல் அவை அச்சாயின. பீத்தோவன் டயபெல்லியின் நிழலில் நின்றார் என்று யாராவது சொல்வார்களா? இவ்வளவு தூரம் போவானேன்? கம்பன் வால்மீகியின் கதையைத்தான் எடுத்துக்கொண்டான். சொந்தமாக ஒரு கதை போட்டிருக்கலாமே என்று அவனை நாம் கேட்கவில்லை.

வேரியேஷன் என்ற வடிவத்தின் அடிப்படை எளிது. முதலில் மெட்டு அப்படியே வரும். பிறகு அதே மெட்டு வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப வரும். மெட்டின் போக்கு, அடியில் ஓடும் பேஸ் குரல், கார்டுகளின் வரிசை, மொத்த நீளம் என்று நான்கைந்து சங்கதிகள் அதற்குள் இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது எழுதுகிறவரின் முடிவு. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் வெறும் நகல். எல்லாவற்றையும் விட்டுவிட்டால் மெட்டின் பெயரைப் போடவே தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறார் என்பதில்தான் அவர் யார் என்பது தெரியும். கர்நாடக சங்கீதத்தில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இது விளங்கும். சாகித்தியத்தின் ஒரு வரி தியாகராஜருடையதாக இருக்கலாம்; அன்று மாலை அந்த வரிக்குள் நடந்தது பாடியவருடையது.

கிளாரா எடுத்துக்கொண்ட மெட்டு ராபர்ட்டின் ‘புன்ட்ட பிளெட்டர்’ என்ற தொகுப்பில் இருக்கிறது. மொத்தம் 24 பார்தான். எட்டு எட்டாக மூன்று பகுதிகள். முதல் பகுதி கடைசியில் திரும்ப வரும். எஃப் ஷார்ப் மைனரில், மெதுவாக, படிப்படியாக இறங்கும் மெட்டு. மகளுக்காக வாங்கிய கீபோர்டில் அந்த 24 பாரை என்னால் வாசிக்க முடிகிறது. கிளாரா அதற்கு எழுதிய ஏழு வேரியேஷன்களில் ஒன்றைக்கூட என் விரல்களால் தொட முடியவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க மட்டுமே முடிகிறது.

அப்படிக் கேட்கும்போது ஒன்று தெரிகிறது. கிளாரா மெட்டைக் கைவிடுவதே இல்லை. அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் மாற்றுகிறார். மூன்றாவதில் மைனர் மேஜராக மாறி, நான்கு குரல் ஞானப்பாட்டுபோல அமைதியாக ஒலிக்கிறது. ஐந்தாவதில் இடது கை ஆக்டேவ்களாக ஓடி முழங்குகிறது; அதுவரை தலைகுனிந்திருந்த மெட்டு எழுந்து நின்று பேசுகிறது. ஆறாவது ஒரு கேனன். ஒரு குரல் மெட்டைத் தொடங்க, சற்றுப் பின்னால் இன்னொரு குரல் அதே மெட்டைத் தொடர்ந்து வரும். இரண்டும் மோதாமல், ஒன்றை ஒன்று விழுங்காமல் நடக்க வேண்டும். பாஹை ஆழ்ந்து படித்தவரால்தான் இதை இவ்வளவு இயல்பாக எழுத முடியும். கிளாரா படித்திருந்தார், 1845இலேயே பிரிலூடும் ஃபியூகும் மூன்று ஜோடி எழுதி முடித்திருந்தார். ஏழாவது, அலை அலையாக எழும் ஸ்வரக் கூட்டங்களோடு தொடங்கி, மேஜரில் மெல்ல அடங்குகிறது.

இதை அவர் 1853 ஜூன் 8 அன்று ராபர்ட்டின் 43ஆவது பிறந்தநாளுக்குக் கொடுத்தார். கையெழுத்துப் பிரதியில், இது தன்னுடைய பலவீனமான மறுமுயற்சி என்ற பொருளில் ஒரு சமர்ப்பணம் எழுதினார். கம்பனின் அவையடக்கத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவளுக்கு இந்த இடத்தில் நிற்காமல் போக முடியாது. பாற்கடல் முன் நிற்கும் பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறான் கம்பன். அதை நாம் பணிவின் அழகு என்று ரசிக்கிறோம். அடுத்த நிமிடம் கவிச்சக்கரவர்த்தி என்கிறோம். அவனுடைய அவையடக்கத்தை நாம் ஒரு நாளும் நம்பியதில்லை. கிளாராவின் அவையடக்கத்தை மட்டும் உலகம் சொல்லுக்குச் சொல் நம்பியது.

இதைவிடக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. கிளாராவும் அதை நம்பினார். 1839 நவம்பரில், இருபது வயதில், தன் நாட்குறிப்பில் அவர் எழுதியது இதுதான்: தனக்குப் படைப்புத்திறன் உண்டென்று ஒரு காலத்தில் நினைத்ததாகவும், அந்த எண்ணத்தை விட்டுவிட்டதாகவும், இசை எழுதப் பெண் ஆசைப்படக் கூடாதென்றும், இதுவரை எவளாலும் முடியாதது தன்னால் மட்டும் எப்படி முடியும் என்றும். பியானோ கான்செர்ட்டோ ஒன்றை எழுதி, பதினாறு வயதில் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, அரங்கேற்றியவர் எழுதியது இது. தனக்கு முன்னால் இருந்த பெண்களின் பெயர்களை ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. முன்னோடி இல்லை என்று நம்பவைக்கப்பட்டவள், எடுத்துத் திருப்பி எழுதுவதற்கு ஆண் ஒருவரின் மெட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அந்த மெட்டுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. 1833இல், பதினான்கு வயதுகூட நிரம்பாத கிளாரா வீக், தன் மெட்டு ஒன்றைக்கொண்டு ஒரு வேரியேஷன் படைப்பை எழுதி, ஓபஸ் 3 என்று வெளியிட்டு, தன் தந்தையின் மாணவரான ராபர்ட்டுக்குச் சமர்ப்பித்தார். அதே ஆண்டு ராபர்ட் அந்த மெட்டை எடுத்துக்கொண்டு, கிளாரா வீக்கின் மெட்டு என்று பெயர் சொல்லியே, தன் ஓபஸ் 5ஐ எழுதினார். பிறகு அவர் எழுதிய ஓபஸ் 14 சொனாட்டாவின் நடுவில் வரும் வேரியேஷன்களும் கிளாரா வீக்கின் மெட்டு ஒன்றின்மீது எழுதப்பட்டவைதான். முதலில் மெட்டு கொடுத்தவள் அவள். இருபது ஆண்டுகள் கழித்து அவள் திரும்பி வாங்கியபோது உலகம் அதை வேறு பெயரில் கணக்கெழுதிவிட்டது.

இது கிளாராவுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஓபஸ் 20இன் முடிவில், நடுக்குரலில், 1833ஆம் ஆண்டின் அந்தச் சிறுமியின் மெட்டு சில பார்களுக்கு எட்டிப் பார்க்கிறது. பிறந்தநாளுக்குக் கொடுத்த பிரதியில் இது இல்லை. அச்சுக்குப் போகும் முன் சேர்த்திருக்கிறார். நடுவில் நடந்தது பிராம்ஸ். 1854 கோடையில் எழுதிய தன் பத்தாவது வேரியேஷனில் பிராம்ஸ் இதே பழைய மெட்டை உள்ளே ஒளித்து வைத்திருந்தார். கிளாரா அதைக் கண்டுகொண்டார். பதிலுக்குத் தன் படைப்பிலும் அதைக் கொண்டுவந்தார். கணவரின் மெட்டு முடியும் இடத்தில், அதோடு பொருந்தி, தன்னுடைய மெட்டை ஒலிக்கவிட்டிருக்கிறார். வெளியில் தலைப்பு ராபர்ட்டின் பெயரைச் சொல்கிறது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு உள்ளே இன்னொரு பெயரும் கேட்கும்.

பிராம்ஸைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அவருடைய பதினாறு வேரியேஷன்கள் மெட்டிலிருந்து வெகுதூரம் போகின்றன. பாரின் எண்ணிக்கையை மாற்றுகிறார், சுருதியை மாற்றுகிறார். கடைசியில் மெட்டு கரைந்து, அடியில் ஓடும் பேஸ் குரலே பிரதானமாக மிஞ்சுகிறது. அழகானது. ஆனால் தூரம் போவதுதான் துணிச்சல், அருகில் நிற்பது பணிவு என்ற அளவுகோலை யார் வைத்தார்கள்? ஒரு மெட்டின் அருகிலேயே ஏழு முறை நின்று, ஏழு முறையும் அதற்குள் வேறொன்றைக் கேட்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

இந்த அளவுகோல் இங்கேயும் உண்டு. என் ஆய்வு நெறியாளர் கவிஞர். அவர் மறைந்த பிறகு, அவருடைய கவிதை வரி ஒன்றை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு கவிதைகள் எழுதினேன். வீட்டு வாசலில் நின்று கதவு திறக்கக் காத்திருக்கும் ஆணின் குரல் அந்த வரி. என் பன்னிரண்டும் கதவுக்கு உட்பக்கம் இருப்பவளின் குரல். ஒரு சிற்றிதழ் அதை ‘ஆசானுக்கு மாணவியின் கண்ணீரஞ்சலி’ என்று மதிப்பிட்டது. அவரிடமே பயின்ற நண்பர் ஒருவர் அடுத்த ஆண்டு அதேபோலத் தொடர் கவிதைகள் எழுதினார். அதே இதழ் அதை ‘முன்னோடியோடு நிகழ்த்தும் துணிச்சலான உரையாடல்’ என்றது. நண்பரின் கவிதைகள் நல்ல கவிதைகள். நானே வகுப்பில் வைத்திருக்கிறேன். நான் அழுததாக அந்தக் கவிதைகளில் எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் பெரியம்மா. நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊரின் கோவிலில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனை முப்பது வருடம் வாசித்தவர். பாமாலையின் கடைசிச் சரணம் வரும்போது பேஸ் குரலை மாற்றுவார். வழக்கமான கார்டுக்குப் பதில் எதிர்பாராத ஒன்றைப் போடுவார். பாடுகிற சபை ஒரு நொடி திகைத்து, பிறகு இன்னும் உரக்கப் பாடும். “பெரியம்மா, இது புக்குல இல்லையே” என்றால், “அஞ்சு சரணத்தையும் ஒண்ணுபோல வாசிச்சா ஒறங்கிருவாங்க மக்களே” என்பார். அச்சில் இருப்பதை அப்படியே வாசித்தால் போதும் என்று சபைப் பெரியவர்கள் ஒரு முறை சொல்லியனுப்பினார்கள். இரண்டு வாரம் அப்படியே வாசித்தார். மூன்றாவது வாரம் மறுபடி மாற்றினார். அவை எதையும் அவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கக்கூடியது என்று நினைத்ததும் இல்லை. அவருக்கு அது கை போன போக்கு. எனக்கு, இப்போது, அத்தனையும் இழந்துபோன வேரியேஷன்கள்.

கிளாராவும் மேடையில் ஒரு படைப்பைத் தொடங்கும் முன் மனதில் தோன்றியபடி சிறு முன்னிசை வாசிப்பார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. மகள்கள் விடாமல் கேட்டதால், 1895இல், இறப்பதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பு, அவற்றில் சிலவற்றை எழுதி வைத்தார். அவர் மகள்கள் கேட்டார்கள். பெரியம்மாவிடம் நான் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

ஓபஸ் 20 எழுதப்பட்ட சூழலையும் சொல்ல வேண்டும். திருமணமான தொடக்க ஆண்டுகளில் வீட்டில் ராபர்ட் எழுதும் நேரத்தில் கிளாரா பியானோவைத் தொட முடியாது. சுவர்கள் மெல்லியவை. உலகம் அறிந்த பியானோ கலைஞர், கணவர் வெளியே போகும் நேரத்துக்காகக் காத்திருந்தார். ராபர்ட்டும் இதை உணராதவர் அல்ல. குழந்தைகளும் எந்நேரமும் கற்பனையில் திரியும் கணவனும் இருக்கும் வீட்டில் இசை எழுதுவது நடக்காது என்றும், எத்தனையோ நல்ல எண்ணங்கள் அவளிடமிருந்து வீணாகப் போகின்றன என்றும் அவரே வருந்தி எழுதியிருக்கிறார். வருந்தினார், ஏற்பாடு மாறவில்லை. கடைசியாக டுசல்டோர்ஃப் நகரின் பில்கர் தெருவில் குடியேறிய வீட்டில்தான், அவரைத் தொந்தரவு செய்யாமல் வாசிக்கக்கூடிய ஓர் அறை கிளாராவுக்குக் கிடைத்தது. 1853 கோடையில், ஆறு குழந்தைகள் இருந்த அந்த வீட்டில், சில வாரங்களுக்குள் ஓபஸ் 20 முதல் 23 வரை எழுதி முடித்தார். இத்தனை காலம் எழுதாமல் இருந்தவளுக்குத் திறமை திடீரென்று வந்துவிடவில்லை. அறை வந்தது.

அடுத்த கோடைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ராபர்ட் எண்டெனிக்கில். எட்டாவது பிள்ளை ஃபெலிக்ஸ் 1854 ஜூனில் பிறந்தான். கணவரைப் பார்க்க மருத்துவர்கள் அவரை அனுமதிக்கவில்லை. 1856 ஜூலையில், ராபர்ட் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் விட்டார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவர் கிளாராதான். பிள்ளை பெற்ற சில மாதங்களில் கச்சேரிப் பயணம் கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். ராபர்ட்டின் படைப்புகளை ஐரோப்பா முழுக்க வாசித்தார், அவற்றின் முழுத்தொகுப்பைப் பதிப்பித்தார், ஃபிராங்க்பர்ட்டின் ஹோக் இசைப்பள்ளியில் பாடம் நடத்தினார். 1861இல் பிராம்ஸ், ஹேண்டலின் மெட்டொன்றை எடுத்து 25 வேரியேஷன்களும் ஒரு ஃபியூகும் எழுதியபோது, அதை முதன்முதலில் மேடையில் நிலைநாட்டிய விரல்கள் கிளாராவுடையவை. தனக்கென்று எழுதியவை மிகச் சில: பிராம்ஸுக்கு ஒரு ரொமான்ஸ், 1879இல் நண்பர்களின் மணப் பொன்விழாவுக்கு ஓர் அணிவகுப்பு இசை, வேறு சில சிறு குறிப்புகள்.

இதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லைப் பெண்களுக்கு மாலையாகப் போட்டுப் போட்டு நார் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மேடையை அவர் நேசித்தார். அவருடைய காலத்தின் மிகப் பெரிய கலைஞர்களில் ஒருவராக இருந்தார். தன் உழைப்பில் குடும்பத்தை நடத்தினார். அதே சமயம், 33 வயதில் அந்தக் கேனனை எழுதியவர் 43இல், 53இல் என்ன எழுதியிருப்பார் என்பது உலகத்துக்கு நேர்ந்த நஷ்டம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆக, இன்னொருவரின் மெட்டில் எழுதியது அவளுடைய பலவீனம் அல்ல. எந்தப் படைப்பாளியும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. யாரோ சொல்லிவைத்ததைக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கிறோம். ஆண் அப்படித் தொடங்கினால் அதற்கு மரபு என்றும், பெண் தொடங்கினால் பக்தி என்றும் பெயர் வைக்கிறோம். நாம் விசாரிக்க வேண்டியவை வேறு. எழுத அவளுக்கு அறை இருந்ததா? எத்தனை வாரம் இருந்தது? எழுதியதை யாராவது எடுத்து வைத்தார்களா?

கேட்க நினைப்பவர்கள் முதலில் ராபர்ட்டின் மெட்டை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். மனதில் அது நின்ற பிறகு கிளாராவின் ஓபஸ் 20ஐக் கேளுங்கள். ஏறக்குறைய பத்து நிமிடம். பிராம்ஸின் ஓபஸ் 9ஐ அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கிளாராவின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். மேலே ஒலிப்பதை விட்டுவிட்டு நடுவில் போகும் குரலைப் பின்தொடருங்கள். பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி எழுதிய மெட்டு அது.